ஆயர், இடையர்: பெயருக்குள் கிடக்கும் நிலம்

மாடும் ஆடும் மேய்த்து வாழ்ந்த மக்களைக் குறிக்கத் தமிழிலே பல சொற்கள் உண்டு. ஆயர், இடையர், கோவலர், அண்டர், பொதுவர், தொறுவர் என்று நிகண்டு நூல்கள் அடுக்கிச் சொல்லும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே மன்றாடி என்றொரு பெயர் வரும். தமிழகத்திலே கோன், கோனார் என்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. நமது நாட்டின் கிழக்கிலே பட்டிக்காரர் என்பார்கள். பத்திரிகைச் செய்திகளிலும் அரசாங்கக் கடிதங்களிலும் இவர்களே கால்நடைப் பண்ணையாளர் ஆகிவிடுகிறார்கள்.

ஒரு தொழிலுக்கு ஏன் இத்தனை பெயர்? ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்லலாம். ஆனால், பெயர் வைத்தவர் எங்கே நின்று பார்த்தாரோ அந்த இடம் பெயருக்குள்ளே பதிந்து கிடக்கும். விலங்கைப் பார்த்து வைத்த பெயர் ஒன்று. நிலத்தைப் பார்த்து வைத்த பெயர் இன்னொன்று. கோயிற் கணக்கைப் பார்த்து வைத்த பெயர் மற்றொன்று. இவற்றுள் ஆயர், இடையர் என்னும் இரண்டையும் முதன்மையாக வைத்துக்கொண்டு, அவை பிறந்த வகையையும் நடந்து வந்த வழியையும் சற்றே ஆராய்வோம். இது வெறும் சொல்லாராய்ச்சியாக முடிந்துவிடாது என்பதை நேயர்கள் இறுதியிலே காண்பீர்கள்.

ஆவும் ஆயரும்

ஆயர் என்னும் சொல்லுக்கு வேர் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 'ஆ' என்பது பசு. ஓரெழுத்து ஒருமொழிகளுக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் பருவத்திலேயே இதனை நாம் படித்திருக்கிறோம். 'ஆன்' என்றும் வரும். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆ, ஆவு என்ற வடிவங்கள் பசுவையே குறிக்கின்றன. பறோவும் எமனோவும் 1961இல் முதன்முதலாக வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலே இவை ஓரினமாகச் சேர்த்துக் காட்டப்பட்டுள்ளன. இம்மொழிகள் தனித்தனியே பிரிவதற்கு முன்னரே இச்சொல் இருந்தது என்பது இதனாற் புலனாகும். ஆவோடு வாழ்ந்தவர் ஆயர். அவர்தம் பெண்டிர் ஆய்ச்சியர், ஆய்மகளிர். அவர்கள் குடியிருப்பு ஆய்ப்பாடி, ஆயர்பாடி.

இச்சொல்லின் பழமைக்குக் கல்லே சாட்சி சொல்லுகிறது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலே புலிமான்கோம்பை என்னும் ஊரில், 2006ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தவை என மதிக்கப்படும் அக்கற்களுள் ஒன்று, கூடலூர் என்னும் ஊரில் நடந்த ஆகோளிலே பட்ட ஒருவனுக்காக நாட்டப்பட்டது. ஆகோள் என்றால் ஆநிரையைக் கவர்தல். வெட்சித் திணையைப் பேசுமிடத்துத் தொல்காப்பியம் ஆளுகின்ற அதே சொல், ஏட்டிலும் இலக்கண உரையிலும் மட்டுமே நாம் அறிந்திருந்த சொல், ஊரார் நட்ட கல்லொன்றின் மேல் வெட்டப்பட்டிருந்தது. போருக்கு முதற்படி நிரை கவர்தல் என்று நம் முன்னோர் வகுத்தது கற்பனை மரபன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. செங்கம், தருமபுரிப் பகுதிகளிற் கிடைத்த பல்லவர் கால நடுகற்களிலோ ஆநிரையைக் குறிக்கும் 'தொறு' என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகின்றது. தொறுவர் என்ற பெயருக்கு அதுவே அடி.

பசு செல்வமாக இருந்த காலம் அது. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. கல்வியைச் சிறப்பிக்க வந்த வள்ளுவர், ஏனைய செல்வங்களைச் சுட்டுமிடத்து 'மாடு' என்றே ஆண்டார். இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல் கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததென்பர். பெரும்பாணாற்றுப்படையிலே உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகள் ஒருத்தியைப் பாருங்கள். மோர் விற்று நெல் பெற்று வீட்டிலுள்ளோரை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போது பொன்னை விலையாகக் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். எருமையும் நல்ல பசுவும் கன்றுமே வேண்டும் என்கிறாள். பொன் பெருகாது, பசு பெருகும். ஆயர் வீட்டுப் பொருளியல் அந்த ஒரு மறுப்பிலே அடங்கிவிடுகிறது.

இனி, ஆயர் என்ற சொல் விரிந்த வகையைப் பார்ப்போம். கலித்தொகையின் முல்லைக்கலிப் பகுதியிலே பதினேழு பாடல்கள் உள்ளன. ஏறு தழுவுதலைக் கண்முன் நிறுத்துபவை அவை. அப்பாடல்களிலே கோவினத்தாயர் என்று ஒரு பிரிவினர் வருகின்றனர். அவர் பசு மேய்ப்பவர். கோட்டினத்தாயர் என்று ஒரு பிரிவினர். அவர் எருமை மேய்ப்பவர். புல்லினத்தாயர் என்று மூன்றாம் பிரிவினர். அவர் ஆடு மேய்ப்பவர். ஆவை மேய்ப்பவரே ஆயர் என்றால், ஆடு மேய்ப்பவர் எப்படி ஆயராவர்?

நம் அடுக்களையிலேயே இதற்கு விடை இருக்கிறது. எள்ளிலிருந்து எடுத்த நெய் எள்நெய், அதாவது எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம். கடையிலே மண்ணெண்ணெயும் வாங்குகிறோம். எள் மறந்து போய்விட்டது. அதுபோலவே ஆயர் என்ற சொல்லிலே ஆ மறந்து, மேய்க்கும் தொழில் எஞ்சியது. சங்ககாலத்திலேயே இம்மாற்றம் நிகழ்ந்துவிட்டதென்றால், அச்சொல் அப்போதே எத்துணைப் பழமையுடையதாய் இருந்திருக்க வேண்டும்! பிற்காலத்திலே சேக்கிழார் பாடிய அறுபத்துமூவருள் ஒருவர் ஆனாய நாயனார். குழலிலே ஐந்தெழுத்தை இசைத்தவர். அவர் பெயரை நோக்குங்கள். ஆன், ஆயர் என்று பசு இருமுறை வருகிறது. ஆயர் என்றால் மாத்திரம் பசு மேய்ப்பவர் என்று தெளிவாகாத நிலை வந்தபின், ஆனைத் தனியே முன்சேர்க்க வேண்டியதாயிற்று எனக் கொள்ளலாம்.

வடக்கே தேடிய வேர்

ஆயர் யார் என்ற வினாவுக்கு வேறொரு விடையும் கூறப்பட்டதுண்டு. யாழ்ப்பாணத்து மல்லாகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வி. கனகசபைப்பிள்ளை 1904இல் வெளியிட்ட ஆங்கில நூல், '1800 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' என்ற பெயரிலே தமிழில் நன்கு அறியப்பட்டது. அந்நூலிலே அவர் ஆயரை வடநாட்டு ஆபீரரோடு இணைத்துப் பேசினார். கண்ணன் வழிபாடும் யாதவர் என்ற பெயரும் இத்தகைய கருத்துக்கு உரமூட்டின. முல்லை நிலத்துக்கு மாயோனைத் தெய்வமாகத் தொல்காப்பியம் கூறுவதும், சிலப்பதிகாரத்திலே ஆய்ச்சியர் கண்ணனையும் பலராமனையும் நப்பின்னையையும் பாவித்துக் குரவை ஆடுவதும் நாம் அறிந்தவையே.

கனகசபைப்பிள்ளையின் நூல் தமிழாராய்ச்சிக்கு வழிதிறந்த நூல் என்பதில் ஐயமில்லை. எனினும், வழிபாட்டு உறவு வேறு, சொல்லின் பிறப்பு வேறு. ஆ என்ற வேர் தமிழிலும் அதன் உடன்பிறந்த மொழிகளிலும் வேரூன்றி நிற்கையில், ஆயர் என்ற பெயருக்கு ஆபீரரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவர் காலத்திலே புலிமான்கோம்பைக் கல் மண்ணிலே புதைந்து கிடந்தது. நமக்கு அது கிடைத்திருக்கிறது.

கோவலர் என்ற பெயரோ அவ்வளவு எளிதிலே தீர்வதன்று. வடமொழிக் கோபாலனின் திரிபு என்பது ஒரு சாரார் கொள்கை. கோ என்னும் பசுவைப் பேணுவதிலே வல்லவர் கோவலர் எனத் தமிழிலேயே பொருள் காண்பது மறுசாரார் கொள்கை. தேவநேயப் பாவாணர் இன்னும் ஒருபடி மேலே சென்று, இடையனைக் குறித்த கோவன், கோன் என்ற சொற்களே அரசனையும் குறிக்கலாயின என்றார். கூட்டத்தைக் காப்பவன் என்ற பொதுமை இருவருக்கும் உண்டல்லவா? புகாரின் பெருவணிகன் மகனுக்குக் கோவலன் என்று பெயர் இருந்ததும், அவன் தன் இறுதி நாட்களிலே மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்மகள் கொடுத்த மனையிலே தங்கி அங்கிருந்தே சிலம்பு விற்கப் போனதும் சிலப்பதிகாரம் படிப்போர் மனத்தைத் தொடும் பொருத்தமாகும்.

சிங்கள மொழியிலே மேய்ப்பவனைக் 'கொபல்லா' என்கிறார்கள். அது கோபாலன் என்ற சொல்லின் வழிவந்ததே. மகாவம்சம் கூறும் பண்டுகாபயனின் கதையிலே, மாமன்மாரின் கொலைவாளுக்குத் தப்பிய அரசிளங்குழந்தை ஒளித்து வளர்க்கப்பட்டது மேய்ப்பர் மத்தியிலேதான். அவனைக் காக்க முயன்றவருள் சித்தன் என்ற மேய்ப்பனும் ஒருவன். அரசு பிறக்கும் கதைகளிலே ஆயர் குடிலுக்கு இடமுண்டு என்பது கோகுலத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று.

யாருக்கு இடை?

ஆயர் என்பது விலங்கால் வந்த பெயர். இடையர் என்பது எதனால் வந்தது? பரவலாகக் கூறப்படும் விளக்கம் இது. மலையாகிய குறிஞ்சிக்கும் வயலாகிய மருதத்துக்கும் இடையிலே கிடப்பது முல்லை. இடைநிலத்தில் வாழ்ந்தவர் இடையர். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்ட தேர்ஸ்டனும் இவ்விளக்கத்தையே பதிவு செய்தார். பொதுவர் என்ற பெயரும் இதற்குத் துணை நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவாக நடுவே இருப்பவர் பொதுவர். இரு சொற்கள் ஒரே கருத்தைத் தருமாயின் அதனை எளிதிலே தள்ளிவிட முடியாது.

ஒன்றை மட்டும் இவ்விடத்திலே எச்சரிக்கையாகச் சொல்லி வைக்க வேண்டும். இடை என்று தொடங்கும் ஊர்ப்பெயர் எல்லாம் இடையரோடு சேர்ந்ததாகிவிடாது. அச்சுவேலிக்கு அருகே இடைக்காடு என்றோர் ஊர் நமக்கு இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட காடும் இடைக்காடு ஆகலாம். ஊர்ப்பெயராராய்ச்சியிலே ஆசை அறிவை முந்திவிடக் கூடாது.

இடையன் என்ற சொல்லும் பிற்காலத்ததன்று. இடைக்காடனார் என்ற சங்கப் புலவர் நற்றிணையிலும் அகநானூற்றிலும் இடையனைப் படம்பிடித்துக் காட்டுகிறார். கார்கால இரவு. தூறல் விழுகிறது. கோலை ஊன்றித் தனியே நிற்கிறான் இடையன். வாயை மடித்து அவன் எழுப்பும் சீழ்க்கை ஒலி கேட்டு ஆட்டுக்குட்டியின் மேல் கண்வைத்த நரி ஓடி மறைகிறது. இரு பாடல்களிலும் அவன் காப்பது ஆட்டு மந்தையை என்பது குறிப்பிடத்தக்கது.

இப்போது நாம் ஒரு வினாவை எழுப்புவோம். முல்லை யாருக்கு இடை? வயலிலே நிற்பவன் நிமிர்ந்து பார்க்கும்போது தூரத்திலே மலை தெரியும். நடுவே காடு தெரியும். அவனுக்கு அது இடை. மலையிலிருந்து இறங்கி வருபவனுக்கும் அது இடை. காட்டிலேயே பிறந்து, காட்டிலேயே மாடு மேய்த்து, காட்டிலேயே முல்லை சூடிய ஆயனுக்கு அது இடையன்று. அதுவே அவன் உலகு. இடையர் என்பது அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயராகவே இருத்தல் கூடும் என எண்ணத் தோன்றுகிறது. இதிலே தொல்காப்பியரின் வைப்புமுறை நம் கவனத்துக்குரியது. நிலங்களை அவர் வரிசைப்படுத்தும்போது முதலிலே கூறுவது மாயோனுக்குரிய காடுறை உலகம். அதன் பின்னரே மலையும் வயலும் கடலும் வருகின்றன. முல்லைக்குரியவராக அவர் பெயர் சொல்லிக் குறிப்பவர் ஆயரும் வேட்டுவரும். அங்கே காடு நடுவிலே கிடக்கவில்லை, தலையிலே நிற்கிறது.

பக்கத்திலிருந்து பார்ப்பவர் பார்வை எப்படிப் பிழைபடும் என்பதற்கு ஒரு பழமொழியே போதும். 'இடையன் வெட்டு அறாவெட்டு' என்பார்கள். வேலையைப் பாதியிலே விடுபவனைக் கேலி செய்யும் பழமொழி இது. இடையன் எறிந்த மரம் என்ற செய்தி பழமொழி நானூற்றிலேயே வருவதால், இக்கேலிக்கு வயது அதிகம். ஆனால் இடையன் ஏன் கிளையை முற்றாக வெட்டுவதில்லை? ஆட்டுக்குத் தழை எட்ட வேண்டும். அதற்குக் கிளை வளைந்து தாழ்ந்தாற் போதும். பட்டையும் சிறிது மரமும் ஒட்டியிருந்தால் அந்தக் கிளை பட்டுப்போகாது, மறுபடியும் துளிர்க்கும். அடுத்த கோடையிலும் அதே மரத்தடிக்கு அவன் வருவான். விறகு வெட்டுபவனுக்கு அது அரைகுறை வேலை. மந்தையோடு வாழ்பவனுக்கு அதுவே முழுமையான வேலை. அறுத்துவிடாத வெட்டிலே ஓர் அறிவு இருந்தது. அதனை அறியாதவர் வாயிலே அது ஏளனமாகிவிட்டது.

கோயில் வைத்த பெயர்

சோழப் பேரரசு எழுந்தபோது மேய்ப்பவருக்குப் புதிய கடமை ஒன்று வந்தது. கோயிலிலே நந்தா விளக்கு எரிய நெய் வேண்டும். நெய்க்கு ஆடும் மாடும் வேண்டும். அவற்றைக் காக்க ஆள் வேண்டும். முதலாம் இராசராசன் கட்டுவித்து 1010இலே நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள் இந்த ஏற்பாட்டை விரிவாகக் காட்டுகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையன் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். பொறுப்பேற்றவர்களின் பெயர்களும் கல்லிலே வெட்டப்பட்டுள்ளன. பேரரசன் பெயர் நிலைத்த அதே சுவரிலே ஆடு மேய்த்தவன் பெயரும் நிலைத்தது.

அக்காலக் கல்வெட்டுகளிலே இவர்களுக்கு வழங்கிய பெயர்தான் மன்றாடி. மன்று என்றால் ஊர்ப்பொது இடம். பசுக்கள் நிற்கும் தொழுவுக்கும் அதுவே பெயர். மன்றிலே இயங்குபவன் மன்றாடி. அவனிடம் கொடுத்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். சாகாத, முதுமை அடையாத ஆடுகள்! ஆடு சாகாமலிருக்குமா? சாகும். நோயிலே சாகும், வறட்சியிலே சாகும், நரிவாயிலே சாகும். ஆனால் கணக்கிலே சாகாது. இறந்ததற்கு ஈடாகக் குட்டிகளைக் கொண்டு தொகையை நிரப்பிக்கொள்வது மன்றாடியின் பொறுப்பு. மூன்று சொற்களிலே ஒரு பேரரசின் கணக்கியல் அடங்கிக் கிடக்கிறது. விளக்கு அணையாமல் எரிந்ததற்குப் பின்னே, வறட்சி ஆண்டிலும் தொகை குறையாமற் பார்த்த ஒரு குடும்பத்தின் கவலை இருந்தது.

இம்முறைக்கு ஈழத்திலும் சான்றுண்டு. திருகோணமலை மாவட்டத்திலே வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளி சோழர் ஆட்சியிலே இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் நந்தா விளக்குக்கும் பசுக்களுக்குமான கொடைகளைக் கூறுகின்றன. சிவன் கோயிலாயினும் புத்தர் பள்ளியாயினும் விளக்கு ஆயர் கொட்டிலிலே கறந்த பாலால்தான் எரிந்தது.

ஆயர் என்ற சொல் சமயத்துறையிலே பெற்ற இன்னொரு வாழ்வும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையிலே மறைமாவட்டத் தலைவரை ஆயர் என்கிறோம். பழைய தலைமுறையினர் மேற்றிராணியார் என்றே சொல்லிவந்தார்கள். பின்னர் ஆயர், பேராயர் என்ற தமிழ்ச் சொற்கள் நிலைபெற்றன. நல்ல ஆயன் என்று இயேசுபிரான் தம்மைக் கூறிக்கொண்டமையே இதற்கு அடிப்படை. 'பாஸ்டர்' என்ற சொல்லும் இலத்தீனிலே மேய்ப்பவன் என்ற பொருளுடையதே. ஆயர் கையிலே ஏந்தும் வளைந்த கோல் மந்தை மேய்ப்பவனின் கோலேயாகும். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய மறைமாவட்டங்களின் ஆயர்கள் அறிக்கை விடுத்தார்கள் என்று செய்தி வாசிக்கும்போது, முல்லை நிலத்துச் சொல் ஒன்று நம் நாவிலே புரள்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை. ஒருபுறம் இடையன் என்பது ஏளனப் பழமொழியிலே இறங்கிற்று. மறுபுறம் ஆயர் என்பது வணக்கத்துக்குரிய பதவியாக ஏறிற்று. இரண்டும் ஒரே மனிதனின் பெயர்கள்.

பட்டியும் காலையும் பண்ணையும்

ஈழத்துத் தமிழிலே மேய்ச்சல் வாழ்க்கையின் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தமிழகத்தார் மாட்டுப் பொங்கல் என்பதை நாம் பட்டிப் பொங்கல் என்கிறோம். பட்டி என்றால் மாட்டுக் கூட்டமும் அது அடையும் இடமும். மாடு அடைக்கும் இடத்துக்குக் காலை என்றும் பெயர். பண்டத்தரிப்புப் பக்கத்திலே காலையடி என்றோர் ஊரும் உண்டு. மட்டக்களப்பிலே பட்டிக்காரர் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். மண்சட்டியிலே உறையும் மட்டக்களப்பு எருமைத் தயிர் நாடறிந்தது.

அங்குள்ள முறை பழைய முல்லைக்கும் மருதத்துக்கும் இடையிலான உடன்பாடு போன்றது. பெரும்போகத்துக்கு வயல் உழுது விதைக்கும் காலத்திலே, மாடுகள் பயிரிலே வாய் வைக்காதபடி, அவற்றை மேற்கேயுள்ள மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வார்கள். அறுவடை முடிந்தபின் அவை அரிதாள் மேய வயலுக்குத் திரும்பும். மேய்ந்த இடத்திலே எரு விழும். உழவனுக்கும் ஆயனுக்கும் இதனால் நன்மை. மோர் கொடுத்து நெல் வாங்கிய ஆய்மகளின் காலத்து உறவே இது. இந்த உடன்பாடு நிலைக்க வேண்டுமானால் ஒன்று இன்றியமையாதது. விதைப்புக் காலத்திலே மாடு போய் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

அந்த இடத்தைச் சட்டம் எப்படிப் பார்த்தது? ஆங்கிலேயர் 1840இலே இயற்றிய முடிக்குரிய காணிச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியற்றும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் எல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என அனுமானித்துக்கொண்டது. 1897இலே தரிசு நிலச் சட்டம் ஒன்றும் வந்தது. ஏர் கீறாத நிலம் வெறுநிலம் என்பதே இச்சட்டங்களின் கண்ணோட்டம். மாட்டின் குளம்பு பதிந்த தடம் உரிமைக்குச் சான்றாகாது. வயலிலே நின்று காட்டைப் பார்த்து 'இடை' என்றவனின் பார்வை, சட்டப் புத்தகத்திலே 'தரிசு' என்ற சொல்லாக ஏறிவிட்டது.

இதன் பலனை அண்மைக் காலத்திலும் கண்டோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கெல்லையிலே மயிலத்தமடு, மாதவனை என்னும் மேய்ச்சல் தரைகள் உள்ளன. அங்கே வெளிமாவட்டத்தார் வந்து பயிர் செய்வதாலே மாடுகளுக்குப் போக்கிடம் இல்லையென்றும், மாடுகள் சுட்டும் வெட்டியும் கொல்லப்படுகின்றன என்றும் கூறி, 2023 செப்டெம்பரிலே அப்பகுதிக் கால்நடை வளர்ப்போர் சித்தாண்டியிலே தொடர் போராட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அரசியல் வாதப் பிரதிவாதங்கள் இதிலே பலவுண்டு. நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு உரிய செய்தி ஒன்று மட்டுமே. பயிர் செய்ய வந்தவரின் கண்ணுக்கு அது வெறும் நிலமாகத் தோன்றியது. பட்டிக்காரருக்கு அது பரம்பரை முற்றம்.

அப்போராட்டம் பற்றிய செய்திகளிலே அவர்களுக்கு வழங்கிய பெயர் கால்நடைப் பண்ணையாளர் என்பதாகும். இச்சொற்றொடரைச் சற்றே பிரித்துப் பாருங்கள். காலால் நடப்பது கால்நடை. பண்ணையோ ஓரிடத்திலே நிலைத்து நிற்பது, எல்லையும் வேலியும் உடையது. நடப்பதையும் நிற்பதையும் ஒரே பெயரிலே பூட்டிவிட்டோம். பண்ணை என்று சொன்னவுடன், 'மாட்டைக் கட்டி வைத்து வளர்த்தால் என்ன? ஏன் காட்டுக்குக் கொண்டு போகிறாய்?' என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. பெயரே அவர்கள் வழக்கைப் பாதி தோற்கடித்துவிடுகிறது எனலாம்.

ஆயர் என்ற பெயரிலே பசு இருந்தது. மன்றாடி என்ற பெயரிலே ஊர்ப்பொது நிலம் இருந்தது. பட்டிக்காரர் என்ற பெயரிலே கூட்டமும் அது அடையும் இடமும் இருந்தன. இடையர் என்ற பெயரிலே நிலம் இருந்தபோதிலும், அது பிறர் நிலங்களுக்கு நடுவே அகப்பட்ட நிலமாக இருந்தது. பண்ணையாளர் என்ற பெயரிலே மேய்ச்சல் தரை அறவே இல்லை.

சொல்லை மாற்றிவிட்டால் வழக்கு வென்றுவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஓர் இனத்தாரின் தொழிலுக்கு இலக்கியமும் கல்வெட்டும் சமயமும் தந்த பெயர்களை அறிந்தவர்கள், மாடு மேயும் காட்டைப் பார்த்து வெறும் தரிசு என்று சொல்லத் தயங்குவார்கள். தொல்காப்பியர் நிலங்களை எண்ணத் தொடங்கியபோது முதல் விரலை மடக்கியது அந்தக் காட்டுக்குத்தான்.